நகரசபைக் குமாஸ்தாவும் கொள்ளை நோயும்

கொள்ளை நோயைப் பற்றிக் கதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு டாக்டரைத் தேடிக்கொண்டு போகிறார்கள். அது இயற்கைதான். ஆனால் ஊருக்குள் நோய் வந்துவிட்டது என்று ஊராருக்குச் சொல்லவேண்டிய பொறுப்பு டாக்டருடையது மட்டும் அல்ல. ஊரை நிர்வாகம் பண்ணுகிறவர்களுடையது. வரி வாங்குகிற, குழாயில் தண்ணீர் விடுகிற, சாக்கடை அள்ளுகிற, பிறப்பு இறப்பைப் பதிந்து வைக்கிற நகரசபை உண்மையைச் சொல்லுமா, சொல்லாதா என்பதில் எத்தனையோ பேருடைய உயிர் இருக்கிறது. இலக்கியம் இந்த விஷயத்தை எப்படிப் பார்த்திருக்கிறது என்று சில நூல்களை வைத்துக்கொண்டு யோசித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

2020-ம் வருஷம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது இந்த நூல்களை மறுபடி எடுத்தவர்கள் உலகம் பூராவும் இருந்தார்கள். நானும் எடுத்தேன். முன்பு படித்தபோது பெரியதாகத் தெரிந்தவை சில சிறுத்துப் போயின. கண்ணில் படாமல் இருந்த சில சின்னப் பாத்திரங்கள் எழுந்து நின்றன. அந்த மாறுதலைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் இப்ஸன். 1882-ல் வெளிவந்த அவருடைய ‘மக்களின் விரோதி’ நாடகம் நம்மவர்களுக்கு அந்நியமானது அல்ல. நார்வேயில் ஒரு சிற்றூர். அங்கே உடம்புக்கு நல்லது என்று பிரசித்தி பெற்ற ஸ்நான சாலைகள். அவற்றை நம்பித்தான் ஊருக்கே பிழைப்பு. தண்ணீரில் விஷக்கிருமி இருக்கிறது, மேட்டில் இருக்கிற தோல் பதனிடும் பட்டறைகளின் கழிவுதான் காரணம் என்று டாக்டர் ஸ்டாக்மன் கண்டுபிடிக்கிறார். நகரசபைத் தலைவர் வேறு யாரும் அல்ல, அவருடைய சொந்த அண்ணனே. செலவுக் கணக்கைக் காட்டி, வாயை மூடு என்கிறார் அண்ணன். முதலில் டாக்டர் பக்கம் நின்ற பத்திரிகாசிரியரும், எதிலும் நிதானம் வேண்டும் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் அச்சகக்காரரும், குழாயை மாற்றும் செலவு வரியாகத் தங்கள் தலையில் விழும் என்று தெரிந்தவுடன் அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள். பொதுக்கூட்டம் போட்டு டாக்டரை மக்களின் விரோதி என்று தீர்மானம் நிறைவேற்றுகிறார்கள்.

நாடகம் என்ற முறையில் குறை சொல்ல இடமில்லை. பொய் எப்படி ஒரு ஊரில் பிறந்து வளருகிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை. நகரசபைத் தலைவர் ராக்ஷஸன் அல்ல. ஊர் நன்றாக இருக்கவேண்டும் என்று நிஜமாகவே நினைக்கிறவர். குழாயை மாற்ற இரண்டு வருஷம் ஆகும், அதற்குள் பக்கத்து ஊர்க்காரன் நம் வியாபாரத்தைக் கொண்டுபோய்விடுவான் என்று அவர் சொல்லும்போது, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நாமும் அப்படித்தான் பேசுவோமோ என்ற பயம் வருகிறது. இப்ஸனுடைய வெற்றி அதுதான்.

ஆனால் நாலாவது அங்கத்தில் டாக்டர் மேடை ஏறியதும் என்ன செய்கிறார்? தண்ணீரைப் பற்றிப் பேசுவதை விட்டுவிடுகிறார். பெரும்பான்மை எப்போதும் தவறானது, ஜனங்கள் கீழ்ஜாதி நாய்கள் மாதிரி என்று பேச ஆரம்பித்துவிடுகிறார். முடிவில், தன்னந்தனியாக நிற்கிறவனே உலகத்தில் பலசாலி என்று கண்டுபிடித்துவிட்டதாகத் தன் குடும்பத்தாரிடம் சொல்கிறார். திரை விழுகிறது. ஸ்நான சாலைத் தண்ணீர் மட்டும் அப்படியே இருக்கிறது! அடுத்த கோடையில் அங்கே குளிக்க வரப்போகிற நோயாளிகளின் ஞாபகம் யாருக்கும் இல்லை, டாக்டருக்கும் இல்லை. நாடகம் பார்த்துவிட்டு எழுந்து போகிறவன், உண்மை பேச ஒரு மகாபுருஷன் வேண்டும், நாம் சாதாரண மனிதர்கள், நமக்கு இதில் வேலையில்லை என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போகலாம். இது அபாயமான நிம்மதி என்பது என் கட்சி.

சத்யஜித் ராய்க்கு இது உறுத்தியிருக்கவேண்டும். 1989-ல் அவர் இதை ‘கணசத்ரு’ என்று வங்காளியில் படமாக எடுத்தபோது ஸ்நான சாலை கோயில் தீர்த்தமாக மாறியது. நம் நாட்டில் அதுதான் பொருத்தம். அதோடு முடிவையும் மாற்றினார். அவருடைய டாக்டர் தனியாக நிற்பதில்லை. அவர் பக்கம் நிற்கும் இளைஞர்களின் கோஷம் வெளியே கேட்கிறது. படம் ராயின் சிறந்த படங்களில் ஒன்று அல்ல. நாலு சுவருக்குள் நாடகம் மாதிரியே நின்றுவிடுகிறது. ஆனாலும் அந்த மாறுதலில் ஒரு விவேகம் இருக்கிறது. உண்மை ஊருக்குப் பயன்படவேண்டுமானால், அதைக் கேட்க ஊரில் நாலு பேராவது வேண்டும்.

அடுத்தது தாமஸ் மான். 1911-ம் வருஷம் அவர் வெனிஸுக்குப் போயிருந்தார். அந்த வருஷம் இத்தாலியில் காலரா இருந்தது. அதை மறைக்கவும் செய்தார்கள். அடுத்த வருஷம் ‘வெனிஸில் மரணம்’ வந்தது. ஒரு முதிய எழுத்தாளன் ஓர் அழகான சிறுவனிடம் மயங்கி உயிரை விடுகிற கதை என்றுதான் இதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். இது ஒரு நகரத்தின் பொய்யைப் பற்றிய கதையும்கூட. தெருவில் கிருமிநாசினி வாசனை வீசுகிறது. சிப்பி தின்னாதீர்கள், கால்வாய்த் தண்ணீரைத் தொடாதீர்கள் என்று சுவரில் விளம்பரம் ஒட்டியிருக்கிறது. ஏன் என்று கேட்டால், வெயில் காலம், முன்னெச்சரிக்கைதான் என்கிறார்கள் கடைக்காரர்கள். கடைசியில் பயணிகளுக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்கும் ஓர் ஆபீஸில் ஆங்கிலேயக் குமாஸ்தா ஒருவன் உண்மையைச் சொல்லிவிடுகிறான். இன்றைக்கே ஊரை விட்டுப் போய்விடுங்கள் என்று யோசனையும் சொல்கிறான்.

அந்தக் குமாஸ்தா சொல்லும் விவரத்தின் நடுவே ஒரே ஒரு வாக்கியம் வருகிறது. நகரத்தின் தலைமை வைத்திய அதிகாரி யோக்கியமானவர். பொறுக்கமாட்டாமல் வேலையை விட்டுப் போய்விட்டார். சொன்னபடி கேட்கிற வேறொருவரைச் சத்தமில்லாமல் அந்த இடத்தில் போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். இப்ஸன் ஐந்து அங்கங்களில் சொன்ன கதையை மான் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். ராஜிநாமா செய்தவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர் போனதால் நோயாளிகளுக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை. நல்ல மனிதர் ஒதுங்கிக்கொண்டார். பொய் தடையில்லாமல் நடந்தது.

இன்னொன்றையும் மான் பார்த்திருக்கிறார். உண்மையைத் தெரிந்துகொண்ட எழுத்தாளன், அந்தச் சிறுவனுடைய தாயாரிடம் போய்ச் சொல்லிவிடலாமா என்று நினைக்கிறான். சொன்னால் அவர்கள் புறப்பட்டுப் போய்விடுவார்கள், பையனைப் பார்க்கமுடியாது. ஆகவே வாயை மூடிக்கொள்கிறான். ஹோட்டல் முதலாளிகளுக்கு வருமானம், இவனுக்கு மோகம். நகரசபையின் பொய் நிலைப்பதற்குக் கேட்கிறவர்களின் சம்மதமும் வேண்டியிருக்கிறது. கடை மூடவேண்டாம், கல்யாணம் நிற்கவேண்டாம், திருவிழா நடக்கட்டும் என்று நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு காரணத்துக்காக அந்தப் பொய்யில் பங்கு வாங்கிக்கொள்கிறோம். இதைச் சொன்னதால்தான் மானுடைய கதை இப்ஸனுடைய நாடகத்தைவிட ஆழமானது என்று நினைக்கிறேன்.

கதைகளைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு நடந்ததைப் பார்க்கலாம். 1918 செப்டம்பர் 28. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரம். இன்புளூயன்ஸா ஊருக்குள் வந்துவிட்டது. அன்றைக்கு யுத்தக் கடன் பத்திரம் விற்பதற்காக ஒரு பெரிய ஊர்வலம் ஏற்பாடாகியிருந்தது. நிறுத்திவிடுங்கள் என்று டாக்டர்கள் சொன்னார்கள். நகர சுகாதார அதிகாரி வில்மர் குரூஸன் நிறுத்தவில்லை. சுமார் 2,00,000 பேர் தெருவில் கூடினார்கள். மூன்று நாளில் ஆஸ்பத்திரிகளில் படுக்கை இல்லை. ஆறு வாரத்தில் 12,000-க்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதே சமயத்தில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் மாக்ஸ் ஸ்டார்க்ளாப் என்ற சுகாதார அதிகாரி, அக்டோபர் முதல் வாரத்திலேயே பள்ளிக்கூடம், சினிமா, தேவாலயம் எல்லாவற்றையும் மூடச் செய்தார். வியாபாரிகள் கோபித்துக்கொண்டார்கள். சாவு விகிதம் பிலடெல்பியாவைவிட மிகக் குறைவாக இருந்தது.

குரூஸன் கெட்டவர் என்று யாரும் சொல்லவில்லை. இப்ஸனுடைய நகரசபைத் தலைவரைப்போல அவரும் கடமை செய்கிறதாகத்தான் நினைத்தார். யுத்த காலம், ஜனங்கள் பீதி அடையக்கூடாது என்பது வாதம். இந்தப் பீதி என்ற வார்த்தையை எல்லா நகரங்களின் அதிகாரிகளும் எல்லாக் காலத்திலும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பிலடெல்பியாவில் பீதி ஏற்படாமல் இருந்ததா? சவங்கள் எடுப்பாரில்லாமல் வீட்டுக்குள் கிடந்தன. அண்டை வீட்டுக்காரன் அண்டை வீட்டுக்காரனைக் கண்டு ஓடினான். அதிகாரிகள் பயப்படாதே என்றும், கண்ணெதிரே தெரிவது பயப்படு என்றும் சொன்னால் ஜனங்கள் கண்ணைத்தான் நம்புவார்கள். அதற்குப் பிறகு அதிகாரிகள் உண்மையே சொன்னாலும் பலிப்பதில்லை.

ஊஹான் நகரத்தில் 2019 கடைசியில் நடந்ததும் இப்படித்தான். கண் டாக்டர் லி வென்லியாங், டிசம்பர் 30-ம் தேதி கூடப் படித்த டாக்டர்களுக்கு ஒரு செய்தி அனுப்பினார். ஜாக்கிரதையாக இருங்கள் என்றார். ஜனவரி 3-ம் தேதி போலீஸார் கூப்பிட்டுக் கண்டித்து எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஜனவரி 18-ம் தேதி அந்த நகரத்தில் 40,000 குடும்பங்களுக்கு ஒரு சமபந்தி விருந்து நடந்தது. பிப்ரவரி 7-ம் தேதி டாக்டர் அதே நோயால் இறந்தார். அவர் ஸ்டாக்மன் அல்ல. மேடை ஏறவில்லை; ஜனங்களைத் திட்டவில்லை; சிநேகிதர்களை எச்சரித்தார், அவ்வளவுதான். அவ்வளவு சின்ன உண்மையைக்கூட ஒரு நகரத்தின் நிர்வாகம் தாங்கமாட்டாமல் போயிற்று.

இனி லண்டனுக்குப் போவோம். டேனியல் டீபோ 1722-ல் எழுதிய ‘கொள்ளை நோய் ஆண்டின் நாட்குறிப்பு’, 1665-ல் நடந்ததைக் கண்ணால் கண்டவன் சொல்வது மாதிரி எழுதப்பட்ட நாவல். அந்த வருஷம் டீபோவுக்கு வயது ஐந்துதான் இருக்கும். ஆனால் அவர் எழுதிய சமயத்தில் பிரான்சில் மார்சேய் நகரம் கொள்ளை நோயில் பாதி அழிந்திருந்தது. 1720-ல் கிழக்கேயிருந்து வந்த ஒரு கப்பலில் நோய் வந்தது. அந்தக் கப்பல் சரக்கில் நகரத் தலைவர்களில் ஒருவரான எஸ்டெல் என்பவருக்கே பங்கு இருந்தது. சந்தைக்குச் சரக்கு போகவேண்டும் என்ற அவசரம். சாதாரண ஜுரம் என்று சொல்லிக் காலம் கடத்தினார்கள். எழுதவேண்டிய இன்னொரு விஷயமும் உண்டு: நோய் முற்றியபோது அதே எஸ்டெல் ஊரை விட்டு ஓடாமல் இருந்து பாடுபட்டார். மனிதர்கள் அப்படித்தான். தைரியம் இருக்கிற மனிதனிடத்தில்கூட உண்மை இல்லாமல் போகலாம். இதை யாராவது ஒரு நல்ல நாவலாக எழுதவேண்டும்.

டீபோவின் நாவலுக்குக் கதாநாயகன் கிடையாது, கணக்குத்தான் கதாநாயகன். வாராவாரம் லண்டனில் சாவுப் பட்டியல் அச்சாகி வரும். ஒவ்வொரு பேட்டையிலும் அதற்கென்று நியமித்த கிழவிகள் பிணத்தைப் பார்த்து என்ன நோய் என்று சொல்வார்கள். கோயில் குமாஸ்தா எழுதிக் கொடுப்பார். கொள்ளை நோய் என்று எழுதினால் வீட்டைப் பூட்டிவிடுவார்கள். ஆகவே காசு கொடுத்து வேறு நோய் என்று எழுதச் சொன்னவர்கள் உண்டு. டீபோவின் கதைசொல்லி இதைக் கண்டுபிடிக்கிற விதம் சுவாரஸ்யமானது. கொள்ளை நோய்ச் சாவு ஒன்றோ இரண்டோ என்றுதான் பட்டியல் சொல்கிறது. ஆனால் மற்ற நோய்களால் சாகிறவர்கள் தொகை மட்டும் ஏன் திடீரென்று ஏறுகிறது? பொய்க் கணக்கு எழுதுகிறவன் எல்லாக் கட்டத்திலும் பொய் எழுத முடியாது. எங்கேயோ ஓர் இடத்தில் உண்மை தலையை நீட்டிவிடும்.

இந்த இடத்தில் நாவலைவிட நாட்குறிப்பு ஒன்று இன்னும் கூர்மையாகப் பேசுகிறது. சாமுவேல் பெப்பிஸ் 1665 ஆகஸ்ட் 30-ம் தேதி தம் பேட்டைக் குமாஸ்தாவைத் தெருவில் பார்க்கிறார். நோய் எப்படி என்று விசாரிக்கிறார். இந்த வாரம் நம் பேட்டையில் ஒன்பது பேர் போய்விட்டார்கள், நான் ஆறு என்றுதான் எழுதிக் கொடுத்தேன் என்கிறான் குமாஸ்தா. வெகு சாதாரணமாகச் சொல்கிறான். மறுநாள் வந்த பட்டியலில் கொள்ளை நோய்ச் சாவு 6,102. நிஜமான தொகை 10,000-த்தை ஒட்டி இருக்கலாம் என்று பெப்பிஸ் எழுதுகிறார். கவனிப்பாரில்லாத ஏழைகளும், சாவு மணி அடிக்க மறுக்கிற மதப் பிரிவினரும் கணக்கில் வரவில்லை என்கிறார்.

ஒன்பதை ஆறு என்று எழுதிய அந்தக் குமாஸ்தாவை நான் வெகு நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு அதனால் என்ன லாபம்? யாராவது மேலே இருக்கிறவர் குறைத்து எழுதச் சொல்லியிருக்கலாம். ஊருக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்று அவனே நினைத்திருக்கலாம். மூன்று பேர்தானே! ஆனால் ஒவ்வொரு பேட்டையிலும் மூன்று மூன்றாகச் சேர்ந்தால் ஒரு நகரத்தின் பொய் ஆகிவிடுகிறது.

இந்தக் குமாஸ்தாவுக்கு எதிர்க்கட்சியில் நிற்கிறவனைத்தான் காம்யு படைத்தார். 1947-ல் வெளிவந்த ‘கொள்ளை நோய்’ நாவலில் ஜோஸப் கிராந்த் ஒரு நகரசபைக் குமாஸ்தா. வட ஆப்பிரிக்காவில் ஓரான் நகரம். எலிகள் சாகின்றன, பிறகு மனிதர்கள். ஜில்லா அதிகாரியின் கூட்டத்தில் டாக்டர்கள் உட்கார்ந்து இதற்குக் கொள்ளை நோய் என்று பெயர் வைக்கலாமா, வேண்டாமா என்று தர்க்கம் பண்ணுகிறார்கள். டாக்டர் ரியூ ஒருவருக்குத்தான் பெயரைப் பற்றிய கவலை இல்லை. காலம் போகிறதே என்ற கவலை. கடைசியில் சுவரொட்டி ஒட்டுகிறார்கள். சின்ன எழுத்தில், யார் கண்ணிலும் படாத மூலைகளில். ஏதோ ஒரு கடுமையான ஜுரம், தொற்று என்று நிச்சயமில்லை என்று போட்டிருக்கிறது. பின்னால் நோய் முற்றியதும், வாரக் கணக்கை விட்டுவிட்டுத் தினசரிக் கணக்கு வாசிக்கிறார்கள். 910-ஐவிட 130 சின்ன எண் அல்லவா! அந்தக் கிண்டலைப் படித்துவிட்டு, கொரோனா காலத்தில் நாம் கேட்ட செய்தி அறிக்கைகளை நினைத்துக்கொள்ளாத வாசகர் இருக்கமாட்டார்.

இவ்வளவுக்கும் நடுவில் கிராந்த் என்ன செய்கிறான்? சாவுக் கணக்கைக் கூட்டுகிறான். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் பதினொரு பேர் என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்து டாக்டரிடம் காட்டுகிறவன் அவன்தான். தற்காலிக உத்தியோகம், வெகு சொற்பச் சம்பளம். வேலையில் சேரும்போது உயர்வு தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கேட்டு ஒரு மனு எழுதலாம் என்றால், ‘உரிமை’ என்று எழுதவா, அது அதிகமோ. ‘வாக்குறுதி’ என்று எழுதவா, அது துணிச்சலோ என்று சரியான வார்த்தை அகப்படாமல் வருஷக்கணக்காக மனுவே போடவில்லை. ராத்திரி வீட்டில் ஒரு நாவல் எழுதுகிறான். முதல் வாக்கியத்தைத் தாண்டவில்லை. குதிரைமேல் வருகிற ஒரு பெண்ணைப் பற்றிய அந்த வாக்கியத்தில் எந்த அடைமொழி பொருந்தும் என்று திருத்தித் திருத்தி எழுதுகிறான்.

இளம் வயதில் இதைப் படித்தபோது எழுத்தாளர்களைக் கேலி செய்கிறார் காம்யு என்று சிரித்தேன். கேலியும் இருக்கிறது. ஆனால் கூட்டத்தில் உட்கார்ந்து கொள்ளை நோயை ஜுரம் என்று எழுதின பெரிய மனிதர்களுக்குப் பக்கத்தில் இவனை நிறுத்திப் பாருங்கள். முழுக்க நிஜமில்லாத ஒரு வார்த்தையை, தன் சொந்தச் சம்பள உயர்வுக்காகக்கூட எழுத முடியாத மனிதன் இவன். சாவுக் கணக்கு எழுத இவனைவிடத் தகுதியானவன் யார்? அந்த மனுவும் அந்த வாக்கியமும் அந்தக் கணக்கும் ஒரே குணத்திலிருந்து வருகின்றன. இந்தக் கதைக்கு ஒரு வீரன் வேண்டும் என்று வற்புறுத்தினால் கிராந்தைச் சொல்லலாம் என்கிறார் கதைசொல்லி. ரொம்பவும் நியாயமான முடிவு அது. ஸ்டாக்மன் மாதிரி ஒருவர் ஒரு ஊருக்கு நூறு வருஷத்துக்கு ஒருமுறை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிராந்த் மாதிரி ஒருவன் ஒவ்வொரு ஆபீஸிலும் இருக்கக்கூடும்.

ஆனால் காம்யுவின் நாவலிலும் ஒரு கணக்கு விட்டுப்போயிருக்கிறது. ஆரம்பத்தில் பத்திரிகை நிருபன் ராம்பேர், அந்த நகரத்தில் அரபுகளின் வாழ்க்கை நிலை பற்றி விவரம் கேட்டு டாக்டர் ரியூவிடம் வருகிறான். முழு உண்மையையும் உன் பத்திரிகையில் போடமுடியுமா என்று கேட்கிறார் டாக்டர். முடியாது என்கிறான். பாதி சாட்சிக்கு நான் உதவமாட்டேன் என்று மறுத்துவிடுகிறார். அருமையான கட்டம். ஆனால் அதற்குப் பிறகு நாவல் முழுவதும் அரபுகளைக் காணவில்லை. அவர்களும் அந்த நகரத்தில்தான் இருந்தார்கள். கொள்ளை நோய் அவர்கள் தெருவை விட்டுவிட்டா போயிருக்கும்? பாதி சாட்சி வேண்டாம் என்று சொன்ன நாவல் தானே பாதி சாட்சியாக நின்றுவிட்டது. ஒன்பதை ஆறு என்று எழுதிய லண்டன் குமாஸ்தாவுக்கும் காம்யுவுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்றாலும், விட்டுப்போன மூன்று பேர் எப்போதும் ஒரே மாதிரி ஆட்களாகவே இருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் இருக்கமுடியவில்லை.

நம் ஊருக்கும் இதில் சம்பந்தம் உண்டு. 2020 ஜூனில் சென்னையில், மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் இருந்த கொரோனாச் சாவுகள் பல, மாநில சுகாதாரத் துறை தினம் வெளியிட்ட கணக்கில் வரவில்லை என்று தெரிந்தது. குழு போட்டு ஒத்துப் பார்த்தார்கள். ஜூலை 22-ம் தேதி, விட்டுப்போன 444 சாவுகள் கணக்கில் சேர்ந்தன. அது தலைகுனிவு என்றார்கள் சிலர். திருத்தியதே பெரிது என்றார்கள் சிலர். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. எனக்குத் தோன்றியது வேறு. ஒத்துப் பார்ப்பதற்கு ஒரு பதிவேடு இருந்ததே! பெயர், வயது, விலாசம், காரணம் என்று கட்டம் கட்டமாக யாரோ எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் கை சும்மா இருந்திருந்தால், ஒன்பதை ஆறாக்கியிருந்தால், 444 பேர் அப்படியே போயிருப்பார்கள்.

நம் நாவல்களில் நகரசபை ஆபீஸ் வருவதுண்டு. லஞ்சம் வாங்குகிற இடமாகவோ, தூங்கி வழிகிற இடமாகவோ வரும். அப்படி எழுதுவதில் தப்பில்லை, அனுபவம் அது. ஆனால் ஒரு தடவையாவது அந்தப் பதிவேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவனை, மேலதிகாரி இந்த மூன்றை விட்டுவிடு என்று சொல்லும் சாயங்காலத்தில், பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவன் என்ன நினைக்கிறான் என்று எழுதிப் பார்க்கவேண்டும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டவேண்டும். வீட்டு வாடகை இருக்கிறது. வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள் என்ற பயம் இருக்கிறது. கூட்டம் இல்லை, பிரசங்கம் இல்லை. அவன் எழுதப்போகிற எண் ஒன்பதா, ஆறா என்பது ஒன்றுதான் கேள்வி. எந்தத் தமிழ் நாவலாசிரியனும் இதைவிடப் பெரிய கேள்வியைத் தேடி வெகு தூரம் போகவேண்டியதில்லை.